முதுநகருக்கு வந்த கட்டம்

கடலூர் முதுநகரில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் புத்தகப் பையில் ஒரே கணக்கு இரண்டு இடத்தில் இருக்கிறது. கணிதப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் இரண்டு நாணயங்களைச் சுண்டுகிறார்கள். தலை தலை, தலை பூ, பூ தலை, பூ பூ. நான்கு விளைவுகள், இதற்குக் கூறுவெளி என்று பெயர். அறிவியல் புத்தகத்தில் மரபியல் பாடம். கலப்பில் பிறந்த நெட்டைப் பட்டாணிச் செடிகளை அவற்றுக்குள்ளேயே மறுபடி கலந்து, இரண்டுக்கு இரண்டாகக் கட்டம் போட்டு, அறைகளை நிரப்புகிறார்கள். பெரிய டி பெரிய டி, பெரிய டி சின்ன டி, சின்ன டி பெரிய டி, சின்ன டி சின்ன டி. தலை இருந்த இடத்தில் பெரிய டி, பூ இருந்த இடத்தில் சின்ன டி. வேறு வித்தியாசம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒன்று கணக்கு வாத்தியாரின் பீரியடில் வருகிறது, மற்றது அறிவியல் டீச்சரின் பீரியடில். இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லாமலே மார்ச் மாதம் வந்துவிடுகிறது, பொதுத்தேர்வும் முடிந்துவிடுகிறது.

பட்டாணிக்குப் போடும் அந்தக் கட்டத்தின் பெயர் பன்னட் கட்டம். அது நம் வகுப்பறைக்கு வந்த வழி நீளமானது. வருகிற வழியில் அது ஒன்றைத் தொலைத்துவிட்டது: தற்செயல். கட்டம் சொல்ல வந்ததே அதைத்தான்.

பட்டாணியை எண்ணிய மெண்டல் இந்தக் கட்டத்தைப் பார்த்ததே இல்லை. அவர் 1851 முதல் 1853 வரை வியன்னாவில் படித்தார்; டாப்ளரிடம் இயற்பியலும், எட்டிங்ஸ்ஹவுசனிடம் சேர்மானக் கணக்கும் அங்கே கிடைத்தன. அந்தப் படிப்பு அவர் கட்டுரையில் தெரிகிறது. 1865-ல் புரூன் நகரச் சங்கத்தில் வாசித்து மறு ஆண்டு அச்சிட்ட அந்தக் கட்டுரையில் சேர்க்கைகளை இயற்கணிதத் தொடராகவே எழுதினார். கூடவே எண்ணிக்கைகளையும் கொடுத்தார். உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. நெட்டைச் செடி 787, குட்டை 277. வகுத்துப் பார்த்தால் முதலாவது 2.96, இரண்டாவது 2.84. எதுவும் சரியாக மூன்று வரவில்லை. வராததை அவர் மறைக்கவும் இல்லை. மூன்றுக்கு ஒன்று என்பது இந்தக் குவியல்களுக்குப் பின்னால் நிற்கும் விதி. குவியல் அதன் பக்கத்தில்தான் வரும், அதன் மேலேயே வந்து உட்காராது. இது புரிந்த மாணவருக்குப் பாதி மரபியல் கைவந்துவிட்டது என்றே சொல்லுவேன்.

கட்டம் போட்டவர் கேம்பிரிட்ஜின் ரெஜினால்டு பன்னட். 1900-ல் மெண்டலின் கட்டுரை மறுபடி வெளிச்சத்துக்கு வந்த பிறகு பேட்சன், எடித் சாண்டர்ஸ் என்ற இருவரோடு சேர்ந்து கோழியிலும் இனிப்புப் பட்டாணியிலும் கலப்புச் செய்தார். இரண்டு பண்புகளை ஒன்றாகக் கலந்தால் பதினாறு சேர்க்கை வரும். தொடராக எழுதினால் கண் குழம்பும். தாய் தருவதை ஒரு ஓரத்தில், தகப்பன் தருவதை இன்னொரு ஓரத்தில் எழுதி, குறுக்கே போய்ச் சேரும் அறையை நிரப்பினால் எதுவும் விட்டுப்போகாது. ஒவ்வொரு அறைக்கும் சம வாய்ப்பு என்பதைச் சொல்லாமல் சொன்னது அந்தச் சதுரம். பிள்ளை எந்த அறையில் விழும் என்று அது சொல்லவில்லை.

1908-ல் ஒரு கேள்வி கிளம்பியது. ஓங்குபண்பு ஒடுங்குபண்பை மறைக்கும் என்றால், தலைமுறை போகப் போக ஊரே ஓங்குபண்பாக மாறிவிடாதா? குட்டை விரல் ஓங்குபண்பாயிற்றே, நாலில் மூன்று பேருக்குக் குட்டை விரல் இருக்க வேண்டுமே, ஏன் இல்லை? பன்னட்டுக்குப் பதில் தெரியவில்லை. தன்னோடு கிரிக்கெட் ஆடுகிற ஒரு கணிதக்காரரிடம் கொண்டுபோய்க் கேட்டார். அவர் ஜி.எச். ஹார்டி. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தவனுக்கு விளங்கும் கணக்கு இது என்ற தோரணையில் அவர் எழுதிய ஒரு சின்னக் கடிதம் அதே ஆண்டு ஜூலையில் சயன்ஸ் இதழில் வந்தது. யாரும் யாரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் மணந்துகொண்டு, வேறு எதுவும் குறுக்கிடாமல் இருந்தால், விகிதம் தலைமுறை தலைமுறையாக அப்படியே நிற்கும். ஸ்டுட்கார்ட்டில் வைன்பெர்க் என்ற மருத்துவரும் தனியே இதையே கண்டிருந்தார். நம் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் 'ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்' என்று ஒப்பிக்கிறார்களே, அந்தக் கணக்குதான் இது. பன்னட்டின் கட்டம் இங்கே ஒரு குடும்பத்தை விட்டு வெளியேறி ஒரு ஊரையே அளக்கத் தொடங்கியது.

இரண்டு ஆண்டு கழித்து, 1910 வாக்கில், வேலை தேடிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூர் வந்தார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி அய்யர் இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவர். திருக்கோவிலூர் அப்போது தென்னாற்காடு மாவட்டம். மாவட்டத் தலைமையிடம் கடலூர். அந்த இளைஞர் ராமானுஜன். 1913 ஜனவரியில் அவர் கடிதம் போட்டது இதே ஹார்டிக்குத்தான். ராமானுஜன் படத்தை மாட்டாத கணித வகுப்பு இந்த மாவட்டத்தில் இருக்காது. படத்தில் இருப்பவரை லண்டன் கப்பலேற்றிய மனிதர்தான் அறிவியல் பாடத்துக் கட்டத்துக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்று ஒரு வரி சொன்னால், இரண்டு புத்தகமும் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கும்.

பன்னட்டே நம் பக்கம் வந்திருக்கிறார். 1909-ல் இலங்கைக்கு வந்து வண்ணத்துப்பூச்சி பார்த்தார்; 1910-ல் ஸ்போலியா ஸெய்லானிகா இதழில் எழுதினார். அவர் பார்த்த பூச்சி நம் வீட்டுக் கொல்லைக்கும் வரும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் கறுப்புப் பூச்சி, ஆங்கிலத்தில் காமன் மார்மன். ஆண் எல்லாம் ஒரே மாதிரி. பெண்ணில் மூன்று வகை. ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும், பறவை தின்னாமல் ஒதுக்குகிற இரண்டு சிவப்புடல் பூச்சிகளைப் போல வேஷம் போட்டிருக்கும். ஃப்ரையர் என்பவர் இலங்கையிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்து 1913-ல் முடிவை வெளியிட்டார். வேஷத்துக்கான காரணியை ஆணும் சுமக்கிறது, ஆனால் காட்டுவதில்லை. கட்டத்தை நிரப்பிய பிறகு 'பெண்ணானால் மட்டும்' என்று ஒரு விதியைக் கூடச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்த வேஷத்தை ஆள்வது டபுள்செக்ஸ் என்ற மரபணு என்று 2014-ல்தான் தெரிந்தது. நேச்சர் இதழில் வந்த அந்த ஆய்வின் முதல் பெயர் பெங்களூரைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்டே. மாதிரி ஒன்றைக் கட்டி, அது உலகத்தோடு ஒத்துப்போகாத இடத்தில் விதியைத் திருத்தி, மறுபடி சோதிப்பது எப்படி என்று காட்ட, கொல்லைக் கறிவேப்பிலையை விடப் பக்கத்தில் ஒரு பாடம் கிடையாது.

இத்தனை வழி கடந்து பாடப் புத்தகத்துக்குள் வந்ததும் கட்டம் படமாகிவிட்டது. அளவுகோல் வைத்துக் கோடு போட வேண்டும். பெற்றோரை மேலே எழுத வேண்டும். 3 : 1 என்று அடியில் எழுதி அடிக்கோடு இட வேண்டும். மதிப்பெண் விழும். 'அப்படியானால் நான்கு பிள்ளைகள் பிறந்தால் எத்தனை பேர் குட்டை?' என்று கேட்டுப் பாருங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையும் 'ஒருவர்' என்றே சொல்லும். அது தப்பு. நான்கு பேரில் சரியாக ஒருவர் குட்டையாக இருக்க வாய்ப்பு 256-ல் 108. ஒருவர்கூட இல்லாமல் போக 256-ல் 81. இரண்டோ அதற்கு மேலோ குட்டையாக 67. அறைகள் பிள்ளைகள் அல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு அறையும் புதிதாகத் திறந்திருக்கிறது.

தொலைத்ததைத் திரும்பக் கொண்டுவரப் பெரிய செலவு தேவையில்லை. புளியங்கொட்டை போதும்.

தாயம் ஆடியவர்களுக்கு இது தெரியும். கொட்டையைச் சிமென்டுத் தரையிலோ அம்மிக்கல்லிலோ ஒரு பக்கமாகத் தேய்க்க வேண்டும். விரல் நுனி சுடும். பழுப்புத் தோல் போய் உள்ளே வெள்ளை தெரியும். அப்படி நான்கு கொட்டை சேர்ந்தால் பகடை தயார். எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை எண். எல்லாம் கறுப்பாக விழுந்தால் எட்டு. விதி ஊருக்கு ஊர் மாறும், கொட்டை மாறாது. பாட்டிமார் திண்ணையில் உருட்டிக்கொண்டிருந்தது நிகழ்தகவுதான்.

வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கொட்டை. ஒன்று தாய், ஒன்று தகப்பன். கறுப்புப் பக்கம் பெரிய டி, வெள்ளைப் பக்கம் சின்ன டி. உருட்டு. இரண்டும் வெள்ளையானால் மட்டும் குட்டை. இருபது முறை உருட்டிக் குறித்துக்கொள். ஒரு பிள்ளைக்கு இரண்டு குட்டை வரும், பக்கத்துப் பிள்ளைக்கு எட்டு வரும். 'எனக்குத் தப்பாக வருது டீச்சர்' என்று சிலர் கை தூக்குவார்கள். பாடம் அந்தக் கையில்தான் தொடங்குகிறது. தப்பாக வரவில்லை, இருபது போதவில்லை. நாற்பது பேரின் எண்ணிக்கையையும் கரும்பலகையில் கூட்டினால் 800 உருட்டு. 200 குட்டை எதிர்பார்க்கலாம். 175-க்கும் 225-க்கும் நடுவில் வந்தால் வியப்பில்லை. சரியாக 200 என்று எழுதிக்கொண்டு வரும் குழுவைத்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மெண்டலையே அப்படி உற்றுப் பார்த்தவர் புள்ளியியலாளர் ஃபிஷர். எண்கள் விதிக்கு இவ்வளவு நெருங்கி வருவது இயல்பில்லை என்று 1936-ல் எழுதினார். அந்த விவாதம் நெடுநாள் நடந்தது.

இதைச் செய்து பார்க்கிற ஆசிரியர் சீக்கிரமே ஒரு சிக்கலில் மாட்டுவார். புளியங்கொட்டை நாணயம் இல்லை. தேய்த்த பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. ஒரு கொட்டை நூறு உருட்டில் அறுபது முறை கறுப்பாக விழலாம். அதைத் தூக்கிப் போட வேண்டாம். பெரிய டி, சின்ன டி போன்ற மரபணு வடிவங்களுக்கு அல்லீல் என்று பெயர். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது இரண்டு அல்லீலுக்கும் சம வாய்ப்பு. அதற்கு நல்ல கொட்டை வேண்டும். ஒரு ஊர் முழுக்கக் கறுப்பு அல்லீல் நூற்றுக்கு அறுபதும் வெள்ளை நாற்பதும் இருந்தால் அதற்கு இந்தக் கோணல் கொட்டைதான் சரியான மாதிரி. அப்படிப்பட்ட இரண்டை உருட்டினால் கறுப்பு கறுப்பு நூற்றுக்கு 36, கலந்து வருவது 48, வெள்ளை வெள்ளை 16. ஹார்டி எழுதிய கடிதம் இதுதான். கணக்கை முன்னே கொண்டுபோனால், 2,500 பிள்ளைகளில் ஒருவருக்கு வரும் ஒடுங்கு நோய் ஒன்று இருந்தால், அந்த அல்லீல் ஊரில் ஐம்பதுக்கு ஒன்று. அதைச் சுமந்தும் நோயில்லாமல் நடமாடுபவர் கிட்டத்தட்ட இருபத்தைந்து பேருக்கு ஒருவர். பத்தாம் வகுப்புக் கணக்கில் எட்டக்கூடிய விடை. நெஞ்சில் தைக்கிற விடையும்கூட.

கடலூர் மாவட்டத்துக்கு இதெல்லாம் ஏன் வேண்டும் என்று கேட்டால் ஒரு எண் சொல்லுவேன்: 896. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் ஆறு வயதுக்குள் ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு இருந்த பெண் பிள்ளைகள் அத்தனைதான். மாநில அளவு 943. தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே அடிமட்டத்தில் இருந்தது கடலூர்.

கொட்டையை எடுத்துக்கொள்வோம். தாயின் கொட்டையைத் தேய்க்கவே கூடாது. இரண்டு பக்கமும் கறுப்பு, இரண்டும் எக்ஸ். தகப்பன் கொட்டையை ஒரு பக்கம் தேய்க்க வேண்டும். வெள்ளைப் பக்கம் ஒய். உருட்டினால் கறுப்பு கறுப்பு பெண், கறுப்பு வெள்ளை ஆண். தாயின் கொட்டை எப்படி விழுந்தாலும் கறுப்புதான். 'வரிசையாப் பொட்டப் புள்ளையா பெத்துப் போட்டா' என்று மருமகளைப் பேசுகிற வீட்டுப் பிள்ளை இந்த இரண்டு கொட்டையையும் ஒருமுறை கையில் வைத்து உருட்டிப் பார்க்கட்டும். மூன்று உருட்டும் பெண்ணாக விழ எட்டில் ஒரு வாய்ப்பு. நாலாவது உருட்டில் முந்தைய மூன்றும் கொட்டைக்கு நினைவில்லை.

கொட்டை மாதிரி சரிபாதி என்கிறது. இயற்கையில் பிறப்பில் ஆண் சற்றே கூடுதல். ஆயிரம் ஆணுக்கு ஏறத்தாழ 950 பெண். அந்தத் திருத்தத்தையும் செய்துகொண்டு கேட்போம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உள்ள மாவட்டத்தில் தற்செயல் மட்டும் வேலை செய்தால் இந்த எண் ஏழெட்டு கூடலாம், குறையலாம். ஐம்பது குறையாது. அப்படியானால் குறைத்தது தற்செயல் இல்லை. கருவிலேயோ பிறந்த பின்னரோ யாரோ ஒரு கை உருட்டில் குறுக்கிட்டிருக்கிறது. கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் எதற்கு என்று மேடையில் முழங்குவதை விட, 800 உருட்டைக் கரும்பலகையில் கூட்டிய பிள்ளைகளிடம் 896 என்று எழுதிக் காட்டினால் அவர்களே கேட்பார்கள். இதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

இன்னொன்று சொந்தத்தில் கல்யாணம். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டிக்கொள்வதில் தமிழ்நாடு இந்தியாவில் முன்வரிசையில் இருக்கிறது. இதற்கும் கொட்டை இருக்கிறது. ஒரு பாட்டியிடம் பழுதான அல்லீல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மகனுக்குப் போக ஒரு உருட்டு, பேத்திக்குப் போக ஒரு உருட்டு, கொள்ளுப்பேரனுக்குப் போக ஒரு உருட்டு. மகள் வழியாகவும் அதே மூன்று. மாமன் மகளைக் கட்டினால், அது இரண்டு வழியிலும் கொள்ளுப்பேரனை எட்ட ஆறு கொட்டையும் வெள்ளையாக விழ வேண்டும்: 64-ல் ஒன்று. அக்கா மகளைக் கட்டினால் ஒரு படி குறைகிறது, ஐந்தே கொட்டை: 32-ல் ஒன்று. தாத்தா பாட்டி இருவரிடமும் சேர்த்து நான்கு அல்லீல் இருப்பதால் மரபியலார் இவற்றை 16-ல் ஒன்று, 8-ல் ஒன்று என்று எழுதுவார்கள். முன்னே சொன்ன 2,500-க்கு ஒன்று நோய், மாமன் மகள் கல்யாணத்தில் ஏறத்தாழ 615-க்கு ஒன்றாகவும், அக்கா மகள் கல்யாணத்தில் 350-க்கு ஒன்றாகவும் ஏறுகிறது. நான்கு மடங்கு, ஏழு மடங்கு. அதே சமயம் 615-ல் 614 பேருக்கு அந்த நோய் வராது. 'எங்க தாத்தாவும் பாட்டியும் சொந்தம்தான், எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே' என்கிற பிள்ளையின் பேச்சும் உண்மை, கூடுகிற ஆபத்தும் உண்மை. இரண்டையும் ஒன்றாகத் தாங்கும் மொழி நிகழ்தகவு ஒன்றுதான். பயமுறுத்தலுக்கு அந்த வலு கிடையாது.

இங்கே ஆசிரியர் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் சொந்தக் குடும்ப மரத்தை வகுப்பில் வரையச் சொல்லக் கூடாது. கற்பனைக் குடும்பம் போதும். வகுப்பில் பலர் வீட்டில் சொந்தத்தில் கல்யாணம் நடந்திருக்கும், சிலர் வீட்டில் நோய் இருக்கும். நாக்கைச் சுருட்டத் தெரியுமா, காது மடல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, அப்பா அம்மாவோடு ஒப்பிட்டு வரச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். நாக்குச் சுருட்டுவதில் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரே வேறுபடுகிறார்கள். அது ஒற்றை மரபணுக் கட்டத்தில் அடங்குவதில்லை. கட்டம் தப்பாகப் பொருந்திய ஒரு பிள்ளை 'நான் இவங்க பிள்ளையே இல்லையோ' என்று வீட்டுக்குப் போகும்.

இரண்டு கொட்டை கைக்குப் பழகியதும் தாயத்தின் நான்கு கொட்டைக்கே போகலாம். வெள்ளை பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விழும் வாய்ப்பு 1 : 4 : 6 : 4 : 1. சுவீடனின் நில்சன்-ஏலே 1909-ல் கோதுமை மணியின் சிவப்பில் கண்ட படிவரிசை இதே மாதிரிதான். ஓங்கு, ஒடுங்கு என்று வெட்டிப் பேசாமல், ஒவ்வொரு அல்லீலும் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் சேர்க்கிறது. ஆளின் உயரமும் தோல் நிறமும் இந்த வழியில், இன்னும் பல கொட்டைகளோடு வருகின்றன. சிவப்பு, கறுப்பு என்று பிள்ளைகளைப் பிரித்துப் பேசும் ஊரில் இதையும் உருட்டிப் பார்ப்பது நல்லது.

கட்டம் போட முடியாத இடமும் கடலூரிலேயே இருக்கிறது. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டும் குடும்பத்துப் பிள்ளைக்கு கோ.க. 671 தெரிந்திருக்கும். பெயரிலிருக்கும் 'க' கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கிறது. மகாராஷ்டிரம் வரை போன ரகம் அது. விவசாயி கரணை நடுகிறார். கரணையில் உருட்டல் இல்லை, தாய்க் கரும்பு அப்படியே மறுபடி வரும். ஆராய்ச்சி நிலையத்தில் பூ விட்ட கரும்பை இன்னொன்றோடு கலந்து விதை எடுத்தால் உருட்டல் தொடங்குகிறது. பட்டாணியில் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டிரண்டு, மொத்தம் 14. இன்றைய கரும்பில் நூறுக்கு மேல், பல பிரதிகளாக. இரண்டுக்கு இரண்டு அறையில் அது கொள்ளாது. அதனால்தான் கரும்பு வளர்ப்பாளர் ஒரு கலப்பிலிருந்து நாற்றுகளை ஆயிரக்கணக்கில் நட்டு, ஆண்டுக்கு ஆண்டு கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றோ இரண்டோ மிஞ்சினால் அதைக் கரணையாக்கிப் பெருக்குகிறார். எத்தனை நாற்று நட்டால் ஒரு நல்ல கரும்பாவது தேறும் என்பது அவருடைய கணக்கு. ஆயிரத்துக்கு ஒன்றுதான் தேறும் என்றால் ஆயிரம் நாற்று நட்டும் ஒன்றும் தேறாமல் போக நூற்றுக்கு 37 வாய்ப்பு உண்டு. மூவாயிரம் நட்டால் அது ஐந்தாகக் குறையும். பத்தாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய அடுத்த கணக்கு இது.